மருதாணியை அறிவோம்

"பச்சையாய் அரைபடுவாள், சிவப்பாய்ச் சிரிப்பாள். அவள் யார்?"

சென்ற ஆண்டு ஒரு நாள் ஓய்வு வேளையில் எங்கள் வகுப்பில் ஒருத்தி இவ்விடுகதையைப் போட்டாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே நான்கு புறமிருந்தும் "மருதாணி!" என்று குரல்கள் எழுந்தன. எழாமல் இருக்குமா? மருதாணியை அறியாத பெண் நம் நாட்டில் உண்டோ? பாட்டி அம்மியில் அரைத்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டு, உள்ளங்கை நடுவே வட்டப் பொட்டு வைத்துவிட, விடியும் வரை கையை மடக்காமல் தூங்க முயன்ற நினைவு நம் எல்லோருக்கும் உண்டு. ஆயினும், நன்கு அறிந்ததாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றியே நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது அடுத்த சில மாதங்களில் எங்களுக்கு விளங்கிற்று.

அக்காளின் திருமணத்திற்காக விடுப்பில் சென்ற எங்கள் தோழி ஒருத்தி, வலக்கையில் கட்டுடன் திரும்பி வந்தாள். திருமண வீட்டில் கடையில் வாங்கிய கோன் ஒன்றினால் புறங்கையில் கன்னங்கரிய கோலம் போட்டார்களாம். ஒரு மணி நேரத்திலேயே நிறம் 'பிடித்து'விட்டதாம். மூன்றாம் நாள் கோலம் ஓடிய வழியெல்லாம் தோல் சிவந்து, தடித்து, கொப்புளம் கண்டது. அரையாண்டுத் தேர்வில் அவளால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அவள் சொல்லச் சொல்லக் கீழ்வகுப்பு மாணவி ஒருத்தி எழுதினாள்.

"எனக்கு மருதாணி ஒத்துக்கொள்ளவில்லை சிஸ்டர்" என்று அவள் கண் கலங்கியபோது, எங்கள் அறிவியல் ஆசிரியை அவள் கையை மெல்லத் திருப்பிப் பார்த்தார்கள். "ஏம்மா, மருதாணி எப்போது கறுத்தது?" என்று மட்டும் கேட்டார்கள். அக்கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் புறப்பட்டதன் பயனே இக்கட்டுரை.

செடியின் தன்மைகள்

மருதாணி வெப்ப நாடுகளுக்கு உரிய ஒரு குறுமரம். பல கிளைகளுடன் புதராகத் தழைத்து, 6 அடி முதல் 20 அடி வரை உயரும். மருதோன்றி, அழவணம், ஐவணம் என்ற பெயர்களும் தமிழில் இதற்கு உண்டு. மலையாளத்தில் மயிலாஞ்சி என்றும், தெலுங்கில் கோரிண்டாகு என்றும், இந்தியில் மெஹந்தி என்றும், அரபு மொழியில் ஹின்னா என்றும் இதனை அழைக்கின்றனர்.

தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் லாசோனியா இனெர்மிஸ் என்பதாகும். முற்பாதி, ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸின் நண்பரும் மருத்துவருமான ஐசக் லாசன் என்பவரின் நினைவாக வந்தது. பிற்பாதிக்குப் 'படைக்கலம் இல்லாதது', அதாவது முள்ளில்லாதது என்று பொருள். ஆனால் நம் வேலியோரத்து மருதாணியில் கை வைத்தவர்கள் முள் குத்தி இரத்தம் கண்டிருப்பார்களே! இளஞ்செடியில் முள் இராது. வயது ஏற ஏறச் சிறு கிளைகளின் நுனி கூர்மையாகி முள்ளாக மாறும். இவ்வேறுபாட்டால் ஏமாந்து, 1753 இல் வெளிவந்த தம் நூலில் லின்னேயஸே முள்ளில்லாததை ஓர் இனமாகவும் முள்ளுள்ளதை மற்றோர் இனமாகவும் எழுதிவிட்டார். இரண்டும் ஒன்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பேரறிஞரும் பிழை செய்வதுண்டு என்பதில் தேர்வு எழுதும் நமக்குச் சற்று ஆறுதல்!

இலைகள் சிறியவை, எதிரெதிராக அமைந்தவை, இரு முனையும் குறுகிய நீள்வட்ட வடிவின. பூக்கள் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ கிளை நுனியில் கொத்துக் கொத்தாக மலரும். ஒவ்வொரு சிறு பூவிலும் நான்கு இதழ்களும், இரண்டிரண்டாக எட்டு மகரந்தத் தாள்களும் இருக்கும். மாலை வேளையில் மருதாணிப் புதர் அருகே நின்றால் அதன் மணம் நெஞ்சை நிறைக்கும். காய்கள் மிளகைவிடச் சற்றுப் பெரியவை. முற்றியதும் பழுப்பு நிறமாகி வெடிக்கும். உள்ளே பல சிறு விதைகள் செறிந்திருக்கும். நாம் விரும்பி உண்ணும் மாதுளையும் மருதாணியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று இன்றைய தாவர நூலார் வகுத்திருப்பதை அறிந்து நாங்கள் வியந்தோம்.

பழமையும் பெருமையும்

வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, தெற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் மருதாணி நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. எகிப்து நாட்டில் பதனிட்டுக் காக்கப்பட்ட பழைய உடல்களில் மருதாணிச் சாயம் ஏற்றிய தலைமுடி காணப்பட்டுள்ளது.

நம் விவிலியத்திலும் இச்செடிக்கு இடமுண்டு. பழைய ஏற்பாட்டின் இனிமைமிகு பாடல் நூலில், முதல் அதிகாரத்தில், ஏன்கெதியின் திராட்சைத் தோட்டங்களில் மலர்ந்த மருதாணிப் பூங்கொத்து அன்பருக்கு உவமையாகிறது. ஏன்கெதி என்பது சாக்கடலின் மேற்குக் கரையில், வறண்ட மலைகளுக்கிடையே ஊற்று நீரால் பசுமை பெற்ற ஓர் இடம். அங்கே போற்றப்படுவது இலையின் நிறம் அன்று, பூவின் மணம் என்பதைக் கவனிக்க வேண்டும். நாமோ இலையைப் பறித்துக்கொண்டு பூவை ஏறிட்டும் பார்ப்பதில்லை!

இன்றும் மருதாணி பல நாட்டு மக்களை இணைக்கிறது. எகிப்து, சூடான், மொராக்கோ, ஏமன் முதலிய 16 அரபு நாடுகள் ஒன்றுகூடி வேண்டிக்கொண்டதன் பேரில், மருதாணி இடும் வழக்கத்தை 2024 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில் இராஜஸ்தான் மாநிலத்துப் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் என்னும் ஊர் மருதாணிக்குப் பேர் பெற்றது. 'சோஜத் மெஹந்தி' 2021 இல் புவிசார் குறியீடும் பெற்றது.

நிறம் பிறக்கும் விதம்

பச்சை இலையிலிருந்து செந்நிறம் எவ்வாறு வருகிறது? பறித்த இலையைக் கையில் சும்மா வைத்திருந்தால் நிறம் ஒட்டுவதில்லை. அரைத்தால்தான் ஒட்டுகிறது. இதன் காரணத்தை அறிந்தால் நம் பாட்டிமார் செய்த ஒவ்வொரு செயலின் பொருளும் விளங்கும்.

மருதாணி இலையில் உள்ள சாயப்பொருளின் பெயர் லாசோன். உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் இது இருக்கும். இலைக்குள் இது சர்க்கரைப் பொருளோடு பிணைந்து அடைபட்டுக் கிடக்கிறது. அரைக்கும்போது இலையின் நுண்ணறைகள் உடைந்து, நீர் பட்டதும் அப்பிணைப்பு அவிழ்ந்து சாயம் வெளிப்படுகிறது. சிறிது புளிப்பு சேர்ந்தால் வெளிப்பட்ட சாயம் கெடாமல் நிற்கும். புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பது இதற்காகவே. நிறம் ஆழமாக வேண்டுமென்று கொட்டைப்பாக்கையும் வைத்து அரைப்பது நம் வீட்டு வழக்கம்.

நம் தோலின் மேற்பரப்பிலும் முடியிலும் நகத்திலும் கெரட்டின் என்னும் புரதம் உண்டு. லாசோன் அப்புரதத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. எனவேதான் அது சோப்பு போட்டாலும் போவதில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோலின் மேலடுக்கு தடிப்பானது. ஆகவே அங்கே நிறம் ஆழ்ந்து பதிகிறது. புறங்கையில் மெல்லியதாகையால் வெளுப்பாகவே நிற்கிறது. மேல்தோல் நாள்தோறும் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் இரண்டு மூன்று வாரங்களில் சிவப்பு மறைகிறது. நகமோ மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் நகத்தின் சிவப்பு முழுதும் நீங்கச் சில மாதங்கள் ஆகின்றன.

இன்னொன்றையும் நாங்கள் சோதித்துப் பார்த்தோம். எங்களில் மூவர் ஒரே செடியின் இலையை அரைத்து, ஒருத்தி அரை மணி நேரமும், ஒருத்தி இரண்டு மணி நேரமும், ஒருத்தி இரவு முழுவதும் விரலில் வைத்திருந்தோம். உதிர்த்து எடுத்தவுடன் மூன்றும் ஆரஞ்சு நிறமாகவே இருந்தன. முதல் விரலில் மிக இளநிறம். இரண்டாம் நாள் மாலைக்குள் மூன்றாவது விரல் கருஞ்சிவப்பாக மாறிற்று. காற்றுப் பட்டுப் பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் நிறம் முழுமை அடைகிறது. "சிவந்தால் மாமியாருக்குப் பிரியம்" என்று வீட்டில் கேலி செய்வார்கள். உண்மையில் சிவப்பதற்குக் காரணம் நல்ல இலையும், கையின் வெதுவெதுப்பும், நம் பொறுமையுமே ஆகும்.

பயன்கள்

கைக்கும் காலுக்கும் அழகு தருவதோடு மருதாணியின் பயன் முடிந்துவிடவில்லை. நரைத்த முடிக்கு இது செந்நிறம் தரும். கருநிறம் வேண்டுவோர் முதலில் மருதாணியும், பின்னர் அவுரி இலைப் பொடியும் பூசும் முறை பழங்காலத்திலிருந்து வந்துள்ளது. இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது: மருதாணி தனித்து நின்று ஒருபோதும் கருநிறம் தராது. கம்பளி, பட்டு, தோல் ஆகியவையும் முடியைப் போலப் புரதத்தால் ஆனவையே. ஆகவே அவற்றிற்கும் சாயமேற்ற இது பயன்பட்டது.

நகச்சுற்றுக்கும், பாதத்தில் எரிச்சலுக்கும், சேற்றுப்புண்ணுக்கும் இலையை அரைத்துப் பூசுவது கிராமத்துக் கை வைத்தியம். லாசோனுக்குப் பூஞ்சைக் காளான்களைத் தடுக்கும் ஆற்றல் உண்டென்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. எனினும் புண் ஆறாவிடில் மருத்துவரிடம் செல்வதே முறை. பூவிலிருந்து உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் அத்தர் வடிக்கிறார்கள். நெருக்கமாக நட்டுக் கத்தரித்து வந்தால் செடி நல்ல உயிர்வேலியாகும்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பச்சிளங் குழந்தைகளுக்கு மருதாணி பூச வேண்டாம். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு, தோல் வழியே உட்புகும் லாசோன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் சோகையும் மஞ்சட்காமாலையும் உண்டாக்கியதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அக்குறை குழந்தைக்கு உண்டா இல்லையா என்பது பார்வைக்குத் தெரியாது.

கறுப்பு மருதாணி என்னும் பொய்

இனி சிஸ்டர் கேட்ட கேள்விக்கு வருவோம். மருதாணி எப்போது கறுத்தது? அது கறுக்கவே இல்லை. கறுத்தது வேறொரு பொருள்.

'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படும் பசைகளில் பாரா-ஃபினிலீன்டையமின் என்னும் இரசாயனம் கலக்கப்படுவதுண்டு. சுருக்கமாகப் பி.பி.டி. என்பர். இது தலைமுடிச் சாயங்களில் பயன்படும் பொருள். ஐரோப்பிய நாடுகளில் முடிச் சாயத்தில்கூட இது 2 விழுக்காட்டிற்கு மேல் தலையில் படக்கூடாது என்பது சட்டம். தோலில் பூசும் பொருள்களில் இதைச் சேர்க்கவே அனுமதி இல்லை. தோல் ஒவ்வாமையை ஆராயும் அமெரிக்க மருத்துவர் கழகம் ஒன்று 2006 ஆம் ஆண்டிற்குரிய ஒவ்வாமைப் பொருளாக இதனையே அறிவித்து எச்சரித்தது.

இப்பொருள் தோலில் பட்டால் சிலருக்கு உடனே ஒன்றும் நேராது. இரண்டு மூன்று நாள் கழித்தோ, இரண்டு வாரம் வரையும்கூடக் கழித்தோ அரிப்பும் கொப்புளமும் தோன்றும். ஆறிய பின்னும் தழும்பு நிற்கக்கூடும். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. ஒருமுறை இதற்கு ஒவ்வாமை ஏற்பட்ட உடல் அதை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து முடிச் சாயம் பூசினாலும் முகமே வீங்கும் அளவுக்கு அது சீறக்கூடும். ஒரு நாள் அழகுக்காக வாழ்நாள் பகையை வாங்கிக்கொள்ளலாமா?

நல்லதையும் பொய்யையும் பிரித்தறிவது கடினமன்று. உண்மையான மருதாணிப் பசை பச்சையாகவோ பழுப்புப் பச்சையாகவோ இருக்கும். காய்ந்த தழையின் மணம் வீசும். சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதலில் ஆரஞ்சு நிறமே தரும். பசையே கன்னங்கரேலென்று இருந்தாலும், மண்ணெண்ணெய் போன்ற நெடி அடித்தாலும், சில நிமிடங்களில் கருநிறம் பிடிக்கும் என்று சொன்னாலும், உள்ளிருப்பவை எவை என்று உறையில் எழுதியிராவிட்டாலும் அதைத் தொடாதீர்கள். 'உடனடி' சிவப்பு தரும் கோன்களிலும் வேறு செயற்கைச் சாயங்கள் கலக்கப்படுவதுண்டு. தெரியாமல் பூசி எரிச்சல் கண்டால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்கக் கூடாது. எங்கள் தோழி இரண்டு நாள் மறைத்துவைத்ததால்தான் புண் பெரிதாயிற்று.

வளர்க்கும் முறை

கோனுக்கு மாற்று நம் வீட்டு முற்றத்திலேயே உண்டு. மருதாணியைப் போல வளர்க்க எளிய செடிகள் சிலவே.

பெருமளவில் பயிரிடுவோர் விதை போடுகிறார்கள். மேல்தோல் கடினமாகையால் விதையைப் பல நாள் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். விதை மிகச் சிறிதாகையால் மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவுவர். இராஜஸ்தானில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நாற்றுவிட்டு, பருவமழை இறங்கிய பின் வயலில் நடுகின்றனர். முதல் ஆண்டில் விளைச்சல் குறைவு. ஆனால் வேரூன்றிய செடி ஆண்டுதோறும் அறுக்க அறுக்கத் தழைத்து, இருபது முப்பது ஆண்டுகள் பலன் தரும்.

வீட்டுக்குப் போத்து நடுவதே எளிது. மழைக்காலத் தொடக்கத்தில், முற்றிய கிளையிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளம் சாய்வாக வெட்டுக. அடி இலைகளைக் களைந்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு, மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் நடுக. நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் துளிர்க்கும். நன்கு வேர் பிடித்தபின் வெயிலுக்கு மாற்ற வேண்டும்.

மண் எதுவாயினும் மருதாணி பழகிக்கொள்ளும். தண்ணீர் தேங்குவதை மட்டும் பொறுக்காது. குளிரும் ஆகாது, வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மடிந்துவிடும். நல்ல வெயிலும் அளவான நீரும் பெற்ற செடியின் இலையில் சாயம் செறிந்திருக்கும். நிழலில் நீர் குடித்துக் கொழுத்த செடி பார்வைக்குப் பசுமையாய் இருந்தாலும் நிறம் தருவதில் பின்தங்கும். வருத்தம் சற்று உண்டானால்தான் குணம் கூடுகிறது போலும்! ஆண்டுக்கு இருமுறை கிளைகளைக் கத்தரித்தால் புதுத்தளிர் மிகுதியாக வரும். இலை தின்னும் புழுக்கள் தென்பட்டால் கையால் பொறுக்கிவிடலாம். கையில் பூசும் இலைக்கு நஞ்சு மருந்து தெளிக்க வேண்டாம்.

பொடி செய்ய விரும்புவோர் இலையை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும். பச்சை நிறம் மாறாமல் காய்ந்ததும் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டான இடத்தில் வைத்தால் பல மாதம் கெடாது.

முடிவுரை

எங்கள் தோழியின் கை இப்போது ஆறிவிட்டது. கூர்ந்து பார்த்தால் மணிக்கட்டருகே ஒரு கொடியின் தடம் மட்டும் வெளிறித் தெரியும். சென்ற மழைக்காலத்தில் பள்ளிக் கிணற்றடியில் நாங்கள் பதினொரு போத்துகள் நட்டோம். ஏழு பிழைத்தன. முதல் போத்தை நட்டவள் அவளே. "எனக்கு மருதாணி ஒத்துக்கொள்ளாது" என்று அவள் இப்போது சொல்வதில்லை; "அது மருதாணியே இல்லை" என்கிறாள். ஆயினும் மருத்துவர் சொல்லும் வரை பூசிக்கொள்வதில்லை என்று உறுதி செய்திருக்கிறாள்.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். மருதாணியின் விதை மெல்ல முளைக்கிறது. இலை மெல்ல நிறத்தை விடுகிறது. நிறம் மெல்ல ஆழ்கிறது. இறைவன் இச்செடிக்கு வகுத்த காலம் அது. ஒரு மணி நேரத்தில் அதைப் பறித்துக்கொள்ள முயன்றால் கையில் மிஞ்சுவது புண்ணே.

தோழியரே! அடுத்த ஆண்டு நாங்கள் மேல்வகுப்பிற்குச் சென்றிருப்போம். கிணற்றடிச் செடிகள் அதற்குள் இடுப்பளவு வளர்ந்திருக்கும். வேண்டும் அளவுக்கு இலை பறித்துக்கொள்ளுங்கள். பூங்கொத்துகளில் சிலவற்றை மாதா கெபியில் வையுங்கள். கோடையில் ஆளுக்கு ஒரு குவளை நீர் ஊற்ற மறவாதீர்கள்.